கருவறைக்குள் ஒரு கணினி

கல்பாக்கத்தில் அணு உலை இயக்கப் பயில்வோர் போலிக் கட்டுப்பாட்டறையில் பழகுகின்றனர்; அங்கே தவறினால் எவருக்கும் தீங்கில்லை. கணினிக்கும் அவ்வழி உண்டு.

இயக்க முறைமையின் கருவாகிய கெர்னல் பழுதுற்றால் கணினி முழுதும் உறைந்துவிடும். பிழை காட்டும் கருவியும் உடன் நின்றுபோம். எனவே கணினிக்குள்ளேயே ஒரு மெய்நிகர் கணினி அமைத்து, அதனுள் கெர்னலை ஓட்டுகிறோம். ஃபாப்ரீஸ் பெல்லார் 2003இல் வெளியிட்ட கியூஎமு அத்தகையது. முதல் ஆணைக்கு முன்பே அதனை நிறுத்தி, 1234ஆம் வாயிலில் ஜிடிபி என்னும் பிழைகாண் கருவியை இணைத்து, அடி அடியாக நடத்திக் காணலாம். பிழைகாண் குறிப்புகளோடு கெர்னலைத் தொகுத்திருத்தல் வேண்டும். இன்றேல் வெறும் எண்களே தெரியும்.

இவையும் லினக்ஸ் மூலநிரலும் விலையின்றிக் கிடைப்பவை. இக்கருவறையுள் நுழைய எவர் இசைவும் வேண்டுவதில்லை! செங்கல்பட்டு மாலை வகுப்புக்கு ஒரு பழைய கணினி கிடைப்பின், நம் மாணவர் இவ்வாண்டே தொடங்கலாம்.