பழைய லாரிக்கு எந்த ஆயில்?



மகாராஷ்டிர மாநிலத்தில் நாசிக் என்று ஓர் ஊர். வெங்காயத்துக்கும் திராட்சைக்கும் பேர்போன ஊர். அங்கிருந்து வெங்காய மூட்டைகள் லாரி லாரியாக வாஷி சந்தைக்குப் போகும். வாஷி, மும்பைக்குப் பக்கத்தில் நவி மும்பையில் இருக்கிறது. போகும்போது மலை இறக்கம். திரும்பும்போது ஏற்றம். நடுவில் இருப்பது கசாரா மலைப்பாதை.

இந்தப் பாதையில் ஒருவர் லாரி ஓட்டுகிறார். லாரி அவருடையதுதான். 2004-ஆம் ஆண்டு வண்டி. ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின். கடன் வாங்கிப் பழைய வண்டியாக வாங்கியது. மாதம் பிறந்தால் தவணை கட்ட வேண்டும். கூட ஒரு கிளீனர் பையன். அவன் மாலையில் நேரம் கிடைக்கும்போது படிப்பு மையத்துக்குப் போகிறவன்.

ஒரு மே மாதம். நடுப்பகல் வெயில். தகரம் ஏற்றிக்கொண்டு லாரி கசாரா மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. ஆயில் பிரஷர் காட்டும் முள் மெல்லச் சரிந்தது. கிளீனர்தான் முதலில் பார்த்தான்.

“உஸ்தாத், முள் கீழே இறங்குது!”

“இருக்கட்டும்டா. மேட்டைத் தாண்டிட்டா சரியாயிடும்.”

இன்னும் இரண்டு வளைவு போனார்கள். இன்ஜினுக்கு உள்ளே ‘டொக், டொக்’ என்று சத்தம் வந்தது. அப்போதுதான் அவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். முள் இறங்கியபோதே நிறுத்தியிருக்க வேண்டும். ஆயில் பிரஷர் இல்லாமல் இன்ஜின் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் இரும்பும் இரும்பும் உரசும் நிமிடம்.

லாரியைக் கட்டி இழுத்து நாசிக்குக்குக் கொண்டு போனார்கள். வயதான மெக்கானிக் ஒருவர் அடியில் இருக்கும் ஆயில் சம்ப்பைக் கழற்றினார். உள்ளே இருந்தது ஆயில் அல்ல. தார் போன்ற கறுப்புக் களி. ஆயில் பில்டர் அடைத்துப் போயிருந்தது. பேரிங்கின் மேல்பூச்சு தேய்ந்து, உள்ளே இருக்கும் செம்பு நிறம் தெரிந்தது. நல்ல வேளையாக கிராங்க் தப்பித்தது. பேரிங் மாற்றி, கழுவி, மறுபடி பூட்ட ஒரு வாரம் ஆகும் என்றார். வண்டி நின்றால் வருமானம் நிற்கும். தவணை நிற்காது.

மெக்கானிக் கேட்டார்: “தம்பி, என்ன ஆயில் ஊத்தினே?”

“நல்ல கெட்டி ஆயில்தான் மிஸ்திரி. வண்டி நீலப் புகை விட்டுச்சு. பழைய வண்டிக்குக் கெட்டியா ஊத்து, புகை நிக்கும்னு கடையிலே சொன்னாங்க. புகையும் குறைஞ்சுது.”

“டப்பா இருக்கா?”

காலி டப்பா லாரியிலேயே கிடந்தது. அதில்தான் ரேடியேட்டருக்குத் தண்ணீர் வைத்திருந்தார்கள். முன்பக்கம் பளபளவென்று ஒரு காரின் படம். மெக்கானிக் அதைப் பார்க்கவில்லை. டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைக் கிளீனரிடம் நீட்டினார்.

“படிடா. பெரிய எழுத்தை மட்டும் படி.”

பையன் எழுத்துக் கூட்டிப் படித்தான். “எஸ், எல். அப்புறம் 20, டபிள்யூ, 50.”

“போதும். உன் இன்ஜினைக் கெடுத்தது அந்த முதல் எழுத்து” என்றார் மெக்கானிக்.

நண்பர்களே, ஆயில் டப்பாவில் ‘ஏபிஐ’ என்ற மூன்று எழுத்துகளுக்குப் பக்கத்தில் ஒரு குறி இருக்கும். அது ‘எஸ்’ என்ற எழுத்தில் தொடங்கினால் பெட்ரோல் இன்ஜினுக்கான ஆயில். எஸ் எழுத்து பாம்பு போல நெளிந்திருக்கும். ‘சி’ என்ற எழுத்தில் தொடங்கினால் டீசல் இன்ஜினுக்கான ஆயில். சி எழுத்து பிறை போல, வாய் திறந்து இருக்கும். சில டப்பாக்களில் இரண்டும் இருக்கும். சி முதலில் வந்து, கோடு போட்டு எஸ் வந்தால் அது டீசலுக்கென்றே செய்தது, பெட்ரோலுக்கும் ஆகும் என்று பொருள். பாம்பு மட்டும் இருந்து பிறை இல்லாவிட்டால் லாரிக்கு வேண்டாம்.

ஏன் இந்த வேறுபாடு? டீசல் எரியும்போது கரி நிறைய உண்டாகிறது. அந்தக் கரி பிஸ்டன் ரிங்கின் ஓரமாக இறங்கி ஆயிலில் கலக்கிறது. டீசல் ஆயிலில் கரியைத் தூள் தூளாகப் பிரித்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதக்க வைக்கும் மருந்து அதிகம் சேர்த்திருப்பார்கள். பெட்ரோல் ஆயிலில் அது அந்த அளவுக்கு இருக்காது. கரி ஒன்று சேர்ந்து களியாகிறது. களி பில்டரை அடைக்கிறது. பேரிங்குக்கு ஆயில் போவதில்லை. கசாரா மேட்டில் நடந்தது இதுதான்.

இங்கே ஒரு சங்கதி. ஆயில் மாற்றிச் சில நாளிலேயே கறுத்துவிட்டது, ஆகவே கெட்ட ஆயில் என்று பலர் சொல்வார்கள். டீசல் இன்ஜினில் இது சரியல்ல. நல்ல ஆயில் கரியைத் தன்னுள் தாங்கிக்கொள்வதால்தான் கறுக்கிறது. துணி துவைத்த தண்ணீர் அழுக்காவதில்லையா, அது போல. அஞ்ச வேண்டிய நிறம் வேறு. ஆயில் பால் கலந்த தேநீர் போல வெளுத்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். ஊற்றாமலே அளவு கூடி, டீசல் வாடை அடித்தால் டீசல் இறங்குகிறது. இரண்டிலும் வண்டியை எடுக்கக் கூடாது.

சரி, சி எழுத்துக்குப் பிறகு என்ன? அங்கேதான் வயது தெரியும். சிஎப்-4 என்பது 1990-இல் வந்தது. சிஎச்-4 வந்தது 1998-இல். சிஐ-4 வந்தது 2002-இல். சிஜே-4 வந்தது 2006-இல். சிகே-4 வந்தது 2016-இல். இவற்றில் பின்னால் வந்தது முன்னால் வந்ததன் வேலையையும் செய்யும். ஆகவே பழைய லாரிக்குப் பழைய ஆயில்தான் ஏற்றது என்பது தவறு. இப்படிப்பட்ட வண்டிக்குச் சிஐ-4 நன்றாகப் பொருந்தும். கரியைத் தாங்கும். அமிலத்தையும் முறிக்கும்.

அமிலம் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? டீசலில் கந்தகம் உண்டு. அது எரிந்து, ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகி உலோகத்தை அரிக்கும். இன்று கந்தகம் மிகவும் குறைவு. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் விற்கும் டீசலில் 10 லட்சம் பங்குக்கு 10 பங்கு வரைதான் கந்தகம் இருக்கலாம். ஆனாலும் பழைய இன்ஜினில் ரிங் தேய்ந்து புகை அதிகம் கீழே இறங்கும். அமிலத்தை முறிக்கும் சக்தி ஆயிலில் இருப்பது நல்லதே.

சிகே-4 ஊற்றினால் கெடுதல் இல்லை. ஆனால் அது புகைக்குழாயில் கரி வடிகட்டி உள்ள புதிய வண்டிகளை மனத்தில் வைத்துச் செய்தது. 2004 வண்டிக்கு அந்த வடிகட்டியே கிடையாது. இல்லாத உறுப்புக்கு ஏன் கூடுதல் விலை கொடுக்க வேண்டும்? ஒன்று மட்டும் கண்டிப்பு. ‘எப்ஏ-4’ என்று இருந்தால் தொடவே வேண்டாம். அது புதிய வகை இன்ஜின்களுக்கான மெல்லிய ஆயில். பழைய இன்ஜினுக்கு ஆகாது.

இனி எண்கள். 15டபிள்யூ-40 என்று இருக்கிறது. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன் உள்ள எண், குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதைச் சொல்லும். எண் சிறிதானால் குளிரில் சுலபமாக ஓடும். பின்னால் உள்ள எண், இன்ஜின் சூடான பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதைச் சொல்லும். மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய் உறைந்து நிற்கிறதே, அதை எண்ணிப் பாருங்கள். ஆயில் அப்படி உறையாது. ஆனால் கெட்டியாகும். வண்டியைக் கிளப்பியதும் மேலே உள்ள வால்வு வரை ஏற நேரம் பிடிக்கும். அதுவரை உலோகம் உலர்ந்தே உரசும்.

மெக்கானிக் சொன்னார்: “கெட்டி ஆயில் புகையை மறைச்சுது. நோயைத் தீர்க்கலே. நீலப் புகைன்னா ஆயில் எரியுதுன்னு அர்த்தம். ரிங் தேய்ஞ்சிருக்கும், இல்லே வால்வு சீல் போயிருக்கும். அதைப் பார்க்காம கெட்டியா ஊத்தினா, காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்தி வேலைக்கு அனுப்பின மாதிரி.”

இவர் சொன்னது கொஞ்சம் கடுமைதான். கடும் வெயில் ஊர்களில் 20டபிள்யூ-50 கெடுதல் என்று சொல்ல முடியாது. வண்டியின் கையேடு அனுமதித்து, சி எழுத்தும் இருந்தால் ஊற்றலாம். லடாக் போன்ற பனி ஊருக்குப் போகும் வண்டிக்கு மட்டும் அது கூடவே கூடாது. நாசிக் போன்ற ஊருக்கு, கோடையும் குளிரும் சேர்த்து, 15டபிள்யூ-40 போதும். கையேடு தொலைந்திருந்தால் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் வண்டி எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். அதற்குக் காசு இல்லை, கூச்சம்தான் தடை.

ஒரு வாரம் கழித்து வண்டி தயாரானது. ஓட்டுநரும் கிளீனரும் ஆயில் வாங்கப் போனார்கள். கடைக்காரர் ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். பையன் திருப்பிப் பார்த்தான். சிஐ-4 இருந்தது. 15டபிள்யூ-40 இருந்தது. ஆனால் மூடியின் வளையம் விட்டிருந்தது. உள்ளே இருக்கும் அலுமினியத் தாள் ஓரத்தில் சுருங்கி ஒட்டியிருந்தது.

“உஸ்தாத், இது வேண்டாம். திறந்து மூடினது.”

“எல்லாம் புது சரக்குதான்” என்று கடைக்காரர் கோபித்துக்கொண்டார். ஓட்டுநர் அவரிடம் ஒன்றும் பேசவில்லை. பையனைப் பார்த்தார். டப்பாவை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். அடுத்த கடையில் சீல் உடையாத டப்பாக்கள் கிடைத்தன. பில்லும் கேட்டு வாங்கினார்கள். பில்லில் ஆயிலின் பெயரோடு சிஐ-4 என்றும் எழுதச் சொன்னார்கள்.

ஆயிலோடு பில்டரும் புதிதாக மாற்றப்பட்டது. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஆயில் வடியும் வரை பொறுத்து, கேஜ் கம்பியைத் துடைத்துப் பார்த்தார்கள். மேல் கோட்டைத் தாண்டவில்லை. தாண்டினால் கிராங்க் அடித்து ஆயில் நுரைத்துப் போகும். நுரை பேரிங்கைக் காக்காது.

“மொதல் தடவை சீக்கிரமே மாத்திடு” என்றார் மெக்கானிக். “ஓரத்திலே ஒட்டியிருக்கிற பழைய அழுக்கை எல்லாம் நல்ல ஆயில் கழுவிக் கொண்டு வரும். பில்டர் மறுபடி அடைக்கும். அப்புறம் கையேட்டுக் கணக்குப்படி மாத்தலாம். சாலையோரத்திலே சில்லறையா விக்கிற ஆயிலை மட்டும் டாப்-அப் பண்ணாதே. ஒரு டப்பா வண்டியிலேயே வச்சுக்கோ.”

வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்ற அவர் விடவில்லை. ஒரு பீப்பாயில் சேர்த்து வைத்திருந்தார். உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பு ஆட்கள் வந்து எடுத்துப் போவார்களாம். கிளீனர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி வந்தான்.

பிறகு அவன் ஒரு கத்தியை வாங்கி, காலியான டப்பாக்கள் ஒவ்வொன்றையும் குறுக்கே கிழித்தான். யாரும் எடுத்துப் போய் மறுபடி நிரப்பி விற்க முடியாது. ஒரு டப்பாவின் பின்பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்து, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒட்டினான். கதவின் உள்பக்கத்தில் அன்றைய தேதியையும் கிலோமீட்டர் எண்ணையும் சாக்கட்டியால் எழுதினான்.

ஓட்டுநர் ஏறி அமர்ந்து சாவியைத் திருப்பினார். முள் மேலே ஏறி நிற்கும் வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.