குருவுக்கும் சங்கம் வேண்டும்

கடையநல்லூரிலும் சுற்றுவட்டாரத்திலும் தனியார் பள்ளிகளில் பணிபுரியும் ஆசிரிய சகோதர சகோதரிகளே,

சங்கத்தில் சேர்வது உபாத்தியாயருக்கு அழகல்ல என்று உபதேசம் செய்கிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். ஆசிரியர் குரு, குரு தெய்வத்துக்குச் சமானம், தெய்வம் சந்தா கட்டி ரசீது வாங்கலாமா என்பது அவர்கள் வாதம். இனிமையான வாதந்தான். ஆனால், ஆசிரியர் தினத்தன்று நமக்குச் சால்வை போர்த்துகிற அதே கைகள், சம்பளப் பட்டியலில் ஒரு தொகைக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வேறொரு தொகையை எண்ணிக் கொடுக்கும்போதும், வேலையில் சேர்ந்த அன்றே அசல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டும்போதும், மே மாத வெயிலில் சேர்க்கைக்காக நம்மை வீடு வீடாக அனுப்பிவிட்டு அந்த மாதத்துக்குச் சம்பளம் கிடையாது என்று கைவிரிக்கும்போதும், அந்தக் குருபக்தி எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்பதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை. எல்லாப் பள்ளிகளும் இப்படி என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் இப்படி நடக்கிற இடத்தில் ஓர் ஆசிரியை தனியாக எழுந்து நியாயம் கேட்டால், ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது கால அட்டவணையில் அவர் பெயர் இராது.

இந்தப் புகழ்ச்சி வாய்ப்பேச்சோடு நின்றுவிடவில்லை. நியாயஸ்தலம் வரைக்கும் சென்று ஒரு கதவையே அடைத்திருக்கிறது. வேலைநீக்கத்தை எதிர்த்துக் கோவாவின் ஆசிரியை ஒருவர் நடத்திய வழக்கில், கல்வி புகட்டுதல் ஓர் உன்னதத் தொண்டு, உடலுழைப்போ குமாஸ்தா வேலையோ அன்று, ஆகையால் ஆசிரியர் அன்றைய தொழில் தகராறுச் சட்டம் சொல்லும் தொழிலாளி ஆகார் என்று 1988-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆலைத் தொழிலாளிக்குத் திறந்திருந்த தொழிலாளர் நீதிமன்றம், உன்னதம் என்றும் காரணம் சொல்லி நமக்கு மூடப்பட்டது! தனி ஆளுக்கு அந்தக் கதவு இல்லையென்றால், சங்கம் நமக்கு அலங்காரமா, அவசியமா?

அவசியந்தான் என்பதற்குப் பணிக்கொடையின் (கிராஜுவிட்டி) சரித்திரத்தைக் கேளுங்கள். 1972-ஆம் வருஷத்துப் பணிக்கொடைச் சட்டம், பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் கல்வி நிலையங்களுக்கும் 1997 ஏப்ரல் 3 முதல் விஸ்தரிக்கப்பட்டது. ஆயினும், ஆமதாபாத் தனியார் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் சங்கம் நடத்திய வழக்கில், ஆசிரியர் அச்சட்டத்தின் வாசகப்படி ஊழியரே அல்லர் என்று 2004-இல் சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்பாயிற்று. சங்கம் தோற்றது. ஆனால் ஒரு தனி ஆசிரியரின் மனுவாக இருந்தால் கட்டோடு கிடந்து மக்கியிருக்கக்கூடிய அந்தக் குறை, சங்கத்தின் வழக்கானபடியால் தேசமறிந்த குறையாயிற்று. ஆசிரியர் நிலையைச் சட்டமியற்றுவோர் கவனிக்கட்டும் என்று அந்தக் கோர்ட்டே சொல்லிற்று. 2009-இல் பார்லிமெண்ட் சட்டத்தைத் திருத்தி, 1997 முதலே அது செல்லும் என்று விதித்தது.

அந்தத் திருத்தத்தின் பிரயோஜனத்தைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். கடைசிச் சம்பளம் 13,000 ரூபாய் பெறும் ஆசிரியைக்கு, அதை 26-ஆல் வகுத்து 15 நாளுக்குப் பெருக்கினால் வருஷத்துக்கு 7,500 ரூபாய்; இருபது வருஷச் சேவைக்கு 1,50,000 ரூபாய். பிரிவுபசாரக் கூட்டத்தில் ஒரு குத்துவிளக்கோடு வீட்டுக்குப் போன எத்தனை பேர் இந்தக் கணக்கை அறிந்திருந்தார்கள்?

அந்தத் திருத்தத்தை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனவர்கள் யார் தெரியுமா? தனியார் பள்ளிகளின் கூட்டமைப்பு! 2022 ஆகஸ்டில் அவர்கள் தோற்றார்கள். அது வேறு விஷயம். நமக்குச் சங்கம் ஆகாது என்கிறவர்கள், தங்கள் காரியம் என்று வந்தபோது ஒற்றைப் பள்ளியாக நிற்காமல் சங்கமாகத்தான் நின்றார்கள். அவர்களுக்கு விவேகமாகத் தோன்றுவது நமக்கு மட்டும் விரோதமா? சங்கம் அமைக்கும் உரிமையை அரசியல் சாசனத்தின் 19-ஆவது ஷரத்து இரு தரப்பாருக்கும் பொதுவாகவே வழங்கியிருக்கிறது.

சங்கம் என்றாலே வேலைநிறுத்தம், 2003-ஐ மறந்தீரா என்று சிலர் பயமுறுத்துவார்கள். மறக்கவில்லை. அந்த ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த தமிழ்நாட்டு அரசு ஊழியரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 1,70,000 பேர் வேலையிழந்தார்கள். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று சுப்ரீம் கோர்ட் கூறியதையும் நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் அவர்களில் மிகப் பெரும்பாலோர் மீண்டும் வேலைக்குத் திரும்பினார்களே, அது எப்படி? தனித்தனியே நில்லாமல் சேர்ந்து நின்றதும் அதற்கு ஒரு காரணம் அல்லவா? தனியாக வெளியேற்றப்பட்ட ஆசிரியை திரும்பி வந்த கதை எத்தனை உண்டு? மேலும், வேலைநிறுத்தம் சங்கத்தின் பல கருவிகளில் ஒன்று. மனுவும் வழக்கும் பேச்சுவார்த்தையும் அதற்கு முன்னே நிற்பவை.

நம் கடையநல்லூர் தறியோசை கேட்டு வளர்ந்த ஊர். முதலாளியிடம் நூலும் முன்பணமும் வாங்கி, அவர் வைத்ததே கூலி என்றிருந்த நெசவாளிக்குக் கூட்டுறவுச் சங்கம் எதற்கு என்று இங்கே யாரும் கேட்கமாட்டார்கள். அந்த வீடுகளில் பிறந்து படித்து ஆசிரியரானவர்கள், தாய் தந்தையருக்குத் தெரிந்த பாடத்தை மறந்தால் அது படிப்புக்கே இழுக்கு.

இன்னும் இரண்டு சொல்லுவேன். வகுப்பில் கடமை தவறுகிறவருக்குச் சங்கம் கவசமாகாது. சந்தா கட்டாமல், வருகிற பலனை மட்டும் அனுபவிக்கலாம் என்று வெளியே நிற்பவர், சக ஆசிரியரின் சிரமத்தில் பங்கில்லாமல் லாபத்தில் பங்கு கேட்கிறார் என்பதையும் உணர வேண்டும். வாசலில் மேசையும் படிவமும் இருக்கின்றன. நியமன உத்தரவு, சம்பளச் சீட்டு, வருகைப் பதிவின் நகல் ஆகியவற்றைச் சேர்த்து வைக்க இன்றே தொடங்குங்கள். உங்கள் பள்ளியிலிருந்து ஒருவராக அல்ல, பத்துப் பேராக வந்து கையெழுத்திடுங்கள். மாலையும் சால்வையும் தருகிறவர்கள் தரட்டும். கூலியையும் உரிமையையும் நாம் சேர்ந்தே கேட்டு வாங்குவோம்!