வியாபாரச் சபையில் எடுத்துரைக்கும் முறை

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



நம் முன்னோர் வியாபாரஞ் செய்த காலத்தில் வாய்ச்சொல்லே பத்திரமாகவும், குடும்பப் பெயரே ஜாமீனாகவும் இருந்தன. கடன் கொடுப்பவர் கேட்பவரின் பாட்டனாரையும் அறிந்திருந்தார். இக்காலத்திலோ நம் பிள்ளைகள், தம்மை முன்பின் அறியாத வங்கி அதிகாரிகளின் முன்னும், வெளியூர்க் கொள்முதல்காரர் முன்னும் நின்று, பத்து நிமிஷத்துக்குள் தம் தொழிலை எடுத்துரைக்க வேண்டியவர்களாயிருக்கின்றனர். சரக்கு நல்லதாயிருந்தும், சொல்லும் முறை அறியாமையால் வெறுங்கையோடு திரும்புவோர் நம்முள் உளர். ஆதலின் இவ்விஷயத்தைக் குறித்துச் சில வார்த்தைகள் கூறத் துணிந்தோம்.

முதற்கண் நமது குற்றத்தையே சொல்லிக்கொள்வோம். பல வருஷங்களுக்கு முன், யந்திரம் வாங்கும்பொருட்டு ஒரு வங்கியாரிடம் கடன் கேட்கச் சென்றோம். கடை தொடங்கிய வரலாறு, பெற்ற நற்சாட்சிப் பத்திரங்கள், யந்திரத்தின் பெருமை என நாற்பது படங்களைத் திரையிற் காட்டச் சித்தஞ் செய்திருந்தோம். ஐந்தாவது படத்தில் அதிகாரி, “தவணையை எந்த வருமானத்திலிருந்து கட்டுவீர்கள்?” என்று வினவினார். “அது முப்பத்தாறாவது படத்தில் வருகின்றது, ஐயா” என்றோம். அவர் புன்னகை புரிந்து கைக்கடிகாரத்தை நோக்கினார். கடன் கிடைக்கவில்லை. குற்றம் அவருடையதன்று. அவர் அறிய விரும்பியதைக் கடைசியில் வைத்து, நாம் சொல்ல விரும்பியதை முதலில் வைத்தோம்.

இத்தவறு நம்போன்ற சிறு வியாபாரிகளுக்கு மட்டும் நேர்வதென்று எண்ணற்க. 2003-ம் ஆண்டு ஜனவரி 16-ந் தேதி அமெரிக்காவிலிருந்து கொலம்பியா என்னும் விண்ணோடம் புறப்பட்டது. நம் தேசத்துக் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லாவும் அதிற் சென்றார். புறப்பட்ட சுமார் 82 வினாடியில், எரிபொருள் தொட்டியை மூடியிருந்த நுரைக்காப்பின் ஒரு துண்டு பெயர்ந்து இடது இறக்கையைத் தாக்கிற்று. அதனால் விளையும் அபாயத்தை ஆராய்ந்த எஞ்சினீயர்கள், தம் முடிவைப் பவர்பாயிண்ட் தாள்களில் அதிகாரிகளுக்குக் காட்டினர். ஒரு தாளின் தலைப்பு, பழைய சோதனைகள் ஆறுதல் தருவனபோல் தொனித்தது. சோதனையில் உபயோகித்த துண்டு 3 கன அங்குலம். ஓடத்தைத் தாக்கியதாக மதிக்கப்பட்டதோ 1920 கன அங்குலம், அதாவது 640 மடங்கு. இச்செய்தி அத்தாளின் கடைசி வரியிற் கிடந்தது. பிப்ரவரி 1-ந் தேதி பூமிக்குத் திரும்புகையில் ஓடம் சிதறி, அதிலிருந்த எழுவரும் மாண்டனர்.

அத்தாளே விபத்துக்குக் காரணமென்று நாம் கூறோம். இறக்கையில் உண்டான உடைப்பே காரணம். ஆயினும், உயிருக்கே அபாயமான விஷயம் இதுவென்பது அத்தாளைப் படித்த மேலதிகாரிக்குப் புலப்படாது போயிருத்தல் கூடுமென, அவ்வாண்டு ஆகஸ்டில் வெளிவந்த விசாரணைச் சபையின் அறிக்கை எடுத்துக்காட்டிற்று. முக்கியமானதைக் கடைசியில் வைப்பது எத்துணைக் கேடு என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ?

அமேஸான் கம்பெனியின் தலைவராயிருந்த ஜெப் பெஸோஸ், 2004-ம் ஆண்டில் தம் மேலதிகாரிகளின் கூட்டங்களிலிருந்து பவர்பாயிண்டை விலக்கினார். தொடர்ந்த வாக்கியங்களாக, ஆறு பக்கத்துக்கு மேற்படாது எழுதிய குறிப்பை எல்லோரும் முதலில் மௌனமாகப் படித்து, பின்னரே விவாதிக்கும் வழக்கம் அங்கு ஏற்பட்டது. துண்டு துண்டான சொற்களில் காரணத்தை விட்டுவிடலாம். முழு வாக்கியமாக எழுதப் புகுந்தால் அது எளிதன்று.

வள்ளுவனார் அவையறிதலை 72-வது அதிகாரமாகவும், அவையஞ்சாமையை அதன்பின் 73-வதாகவும் அமைத்தனர். கேட்போரை அறிதல் முன்னும், அஞ்சாது பேசுதல் பின்னும் நிற்றல் கருதத்தக்கது. நம் இளைஞர்கள் தைரியத்தைத் தேடுகின்றனர். கேட்போருக்கு வேண்டியது யாதென முன்னரே அறிந்து சென்றால் தைரியம் தானே வரும்.

ஆகவே, இளைஞர்களே! எவ்வளவு தொகை வேண்டும், எதற்கு வேண்டும், எவ்வாறு திரும்பும் என்பனவற்றை முதல் இரண்டு நிமிஷத்திலேயே சொல்லிவிடுங்கள். தொழிலிலுள்ள குறையை அவர் கண்டுபிடிக்குமுன் நீங்களே சொல்லி, அதற்குச் செய்துள்ள பரிகாரத்தையும் சொல்லுங்கள். ஒரு படத்தில் ஒரே கருத்து இருக்கட்டும். திரையைப் பார்த்துப் படியாமல், கேட்போர் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். தெரியாததைக் கேட்டால், “விசாரித்து நாளைக்குத் தெரிவிக்கிறேன்” என்று சொல்லி, சொன்னபடியே மறுநாள் தெரிவியுங்கள். கொடுத்த நேரத்துக்குச் சற்று முன்னரே முடியுங்கள்.

செல்வதற்கு முதல்நாள், வீட்டில் தாயாரிடமோ மனைவியிடமோ முழுவதையும் சொல்லிக் காட்டுங்கள். அவர்கள் எவ்விடத்தில், “இது விளங்கவில்லையே” என்கின்றனரோ, அவ்விடத்தைத் திருத்துங்கள். நாம் இரண்டாம் முறை வேறொரு வங்கிக்குச் செல்லுமுன் நம் இல்லத்தாரிடம் அவ்வாறே செய்தோம். நாற்பது படங்கள் ஆறாகக் குறைந்தன, கடனும் கிடைத்தது.

நம் முன்னோர் வாய்ச்சொல்லால் தேடிய நம்பிக்கை இன்றும் வாய்ச்சொல்லாலேயே கிடைக்கும். அதைத் தெளிவாகவும் ஒளிவின்றியும் சொல்லப் பழகுவோமாக.