எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?



அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் லவுடன் என்று ஒரு கவுண்டி. பொது நூலகக் கணினிகளில் எக்ஸ்-ஸ்டாப் என்ற வடிகட்டி மென்பொருளைப் போடுவது என்று 1997-ல் அங்கே முடிவெடுத்தார்கள். ஆபாசத்தைத் தடுக்கத்தான். அது எதைத் தடுத்தது தெரியுமா? குவேக்கர் கிறித்தவர்களின் முகப்புப் பக்கத்தை! பல்கலைக்கழகப் பெண்கள் சங்கத்தின் மேரிலாந்து கிளைப் பக்கத்தை! எந்த அளவுகோலை வைத்துத் தடுத்தார்கள் என்று கேட்டால், காசு கொடுத்து வாங்கிய நூலகத்துக்கே தெரியாது, கம்பெனி சொல்லாது. 1998 நவம்பரில் நீதிபதி லியோனி பிரிங்கிமா நூலகத்தின் விதியைச் செல்லாதென்றார். (அவரே முன்னாள் நூலகர்!) தோற்றது நூலகம். தடுக்க வேண்டிய தளங்களின் பட்டியலைப் போட்ட கம்பெனி கூண்டுப் பக்கமே வரவில்லை.

வராது, ஏனென்றால் சட்டமே அதற்கு அரண் கட்டிக் கொடுத்திருக்கிறது. நல்லெண்ணத்தோடு தடுத்தால் பொறுப்பு இல்லை என்கிறது 1996-ம் ஆண்டுத் தகவல்தொடர்பு ஒழுக்கச் சட்டத்தின் 230-வது பிரிவு. நல்லெண்ணமா என்று பார்க்கப் பட்டியலைத் திறக்க வேண்டாமா? திறக்கக் கூடாது, அது தொழில் ரகசியம்! 2000 மார்ச்சில் சைபர் பேட்ரோல் என்ற இன்னொரு வடிகட்டியின் பட்டியலுக்குப் போட்டிருந்த பூட்டை உடைத்துக் காட்டிய இருவர்மேல்தான் பாஸ்டன் நீதிமன்றத்தில் வழக்குப் பாய்ந்தது. அதே ஆண்டு அக்டோபரில், இப்படிப் பட்டியலைத் திறந்து பார்ப்போருக்கு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தலைவர், பூட்டை உடைப்பதைத் தடுக்கும் பதிப்புரிமைச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தார். 2003-ல் புதுப்பித்தார். 2006-ல் அதுவும் போயிற்று.

பட்டியலை வெளியிட்டால் அதுவே ஆபாசத்துக்கு வழிகாட்டியாகும் என்கிறார்கள் கம்பெனிக்காரர்கள். தேடுபொறியில் நாலு எழுத்துத் தட்டினால் கிடைப்பதற்கு வழிகாட்டி எதற்கு? போட்டிக்காரன் திருடுவான் என்கிறார்கள். நகலெடுப்பதைத் தடுக்கத்தான் பதிப்புரிமை. படிப்பதைத் தடுக்க அல்ல. பெரியவர்கள் கேட்டால் நூலகர் தடையை நீக்கிவிடுவாரே என்பது இன்னொரு வாதம். அதையும் சொல்லித்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மத்திய அரசின் உதவி பெறும் நூலகங்களுக்கு வடிகட்டியைக் கட்டாயமாக்கிய சட்டத்தை 2003-ல் நிலைநிறுத்தியது. எய்ட்ஸ் பற்றிப் படிக்க வந்தவர், வரிசையில் பத்துப் பேர் நிற்க, மேசைக்குப் போய் அந்தப் பக்கத்தைத் திறந்துவிடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்பாரா? கேட்டாலும், அந்தத் தளத்தை நடத்துபவருக்கு யார் சொல்வது? தன்னை ஆபாசக்காரர் என்று ஊரெல்லாம் முத்திரை குத்தியிருப்பதே அவருக்குத் தெரியாதே!

ஆகவே, மக்கள் பணத்தை வாங்கும் கம்பெனி பட்டியலைத் திறந்து வைக்கட்டும். தடுத்த தளத்துக்குக் காரணம் எழுதி அனுப்பட்டும். தவறென்று காட்டியும் திருத்த மறுத்தால், 230-வது பிரிவின் அரண் அதற்குக் கிடையாது என்று சட்டம் சொல்லட்டும்.