பந்தியில் தெரியும் விசுவாசம்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



உள்ளத்து விசுவாசமா, வெளிவேடமா என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கோயில் பிரசங்கத்தில் ரொம்ப நாளாக அடிபடுகிற விஷயம்தான். செபமாலை உருட்டினா மட்டும் போதாது, ஞாயித்துக்கிழமை பூசை கண்டுட்டு திங்கக்கிழமை கந்துவட்டி வாங்கினா மோட்சம் கிடையாதுன்னு சொல்வாங்க. சரிதான். ஆனால் இதையே சேரியிலிருந்து கேட்டால் வேறு மாதிரிக் கேட்கும்.

'உள்ளம்' என்கிற சொல்லையே நமக்கு எதிராகத் திருப்பியிருக்கிறார்கள். "ஆத்துமா எல்லாருக்கும் ஒண்ணுதான், சாதி வெளிவழக்கம், அதை விசுவாசத்தோட போட்டுக் குழப்பாதீங்க" என்பது பழைய வாதம். 1833இல் ஆங்கிலிகன் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாதென்று உத்தரவு போட்டார். தஞ்சாவூர், வேப்பேரி சாதிக் கிறிஸ்தவர்கள் இந்த வாதத்தைத்தான் எடுத்து வைத்தார்கள். நிறையப் பேர் சபையை விட்டே போனார்கள். சாதியை விடுவதைவிடக் கோயிலை விடுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது.

நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1870களில் காற்சட்டை மாதிரி ஒரு கோயில் கட்டினார்கள். ஒரு காலில் வேளாளர், ஒரு காலில் நாடார். ரெண்டும் சேருகிற இடத்தில் பீடம். 1910இல் கௌசானல் சாமியார் தடுப்பை இடிக்க வைத்தபோது வேளாளர்கள் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார்கள். பீடம் ஒன்றுதான், அப்பமும் ஒன்றுதான். நடுவிலே சுவர்!

எறையூரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் சனங்கள் சமமரியாதை கேட்டார்கள். கிடைக்கவில்லை என்றதும் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ரெண்டு உயிர் போனது. செத்தவர்களும் கிறிஸ்தவர்கள்தான், வன்னியர்கள். அன்று தவக்காலத்து ஞாயிற்றுக்கிழமை. ஒருசந்தி இருந்து, சிலுவைப் பாதை செய்கிற காலம். நோன்பு இருந்த வயிற்றுக்குள்ளே சாதி மட்டும் பசியில்லாமல் இருந்திருக்கிறது.

திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைப் பிரிக்க ஒரு சுவர். 2010இல் அதில் ஒரு பகுதியை இடித்தது பெரியார் இயக்கத் தோழர்கள். உயிர்த்தெழுதலை நம்புகிறவன் கட்டின சுவரைக் கடவுளே இல்லையென்கிறவன் இடிக்கிறான். இதில் யாருக்கு விசுவாசம் இருக்கிறது? நீங்களே சொல்லுங்கள்.

அந்தியோக்கியாவில் பேதுரு புறசாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். யாக்கோபின் ஆட்கள் வந்ததும் பயந்து ஒதுங்கினார். பவுல் முகத்துக்கு நேரே கேட்டதாகக் கலாத்தியர் நிருபத்தில் இருக்கிறது. பேதுருவின் மனதில் சந்தேகம் ஏதும் இல்லை. எழுந்தது பந்தியை விட்டு மட்டும்தான். அதைத்தான் பவுல் மாய்மாலம் என்றார். உள்ளே சரியாக இருக்கிறேன் என்று தப்பித்துக்கொள்ள இடமில்லை.

இன்னொரு பக்கம் அரசாங்கம். 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். நம்மைச் சேர்க்கவில்லை. ஊரில் கரையாத சாதி சர்ட்டிபிகேட்டில் மட்டும் ஞானஸ்நானத் தண்ணியில் கரைந்துவிடுகிறது. அதனால் பேப்பரில் ஒரு மதம், முழங்காலில் ஒரு மதம் என்று வாழ்கிற வீடுகள் உண்டு. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் கிளார்க் வேலைக்காக எஸ்.சி. சான்று கேட்ட வழக்கில், ஞானஸ்நானம் வாங்கிக் கோயிலுக்கும் போய்க்கொண்டு, உண்மையான நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக இந்து என்பது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. உள்ளத்தை அளக்க நம்மிடம் மட்டும் தராசு கொண்டுவருகிறார்கள். சுவர் கட்டினவன் உள்ளத்தை அளந்த கோர்ட் எது? வயிற்றுக்காக ஒரு பெயரை மறைக்கிறவனையும், பெருமைக்காக அடுத்தவன் பிணத்தை மறிக்கிறவனையும் ஒரே சொல்லால் வெளிவேடக்காரன் என்பது நியாயமில்லை.

2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் கொள்கை ஒன்றை வெளியிட்டது. திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை அதில் ஒத்துக்கொண்டார்கள். நல்லது. நான் பேங்க் கவுண்டரில் உட்காருகிறவன். செக்கில் கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும், கணக்கில் பணம் இல்லேன்னா திருப்பித்தான் அனுப்பணும். பிஷப்மார் கையெழுத்துப் போட்டாச்சு. பணம் பங்குக் கோயிலில்தான் இருக்கணும்.

நம் கிழவிகளை நினைத்துப் பாருங்கள். காலமெல்லாம் பின்னாலே, தரையிலே. தேர் அவர்கள் தெருவுக்கு வராது. அப்படியும் சாயந்திரம் விளக்கேற்றி செபம் சொல்கிறார்கள். அந்த விசுவாசத்தை எந்தச் சாமியாரும் கொடுக்கவில்லை, அதனால் பிடுங்கவும் முடியாது. ஆனால் அதைக் காட்டி "பாரு, பொறுமையா இருக்காங்க, நீ ஏன் கத்துறே"ன்னு கேட்டால் விடக்கூடாது. அவர்கள் செபத்தில் கேட்டதைத்தான் நாம் தெருவில் கேட்கிறோம்.

அடுத்த திருவிழாவுக்கு முன்னாடி உங்க பங்கில் மூணு கேள்வி கேளுங்கள். தேர் எந்தத் தெருவரைக்கும் வருது? பிணத்தை எந்த வழியா கொண்டுபோறோம், எங்கே புதைக்கிறோம்? சாமியார் யார் வீட்டுச் சோத்தைச் சாப்பிடுறார்? உள்ளத்தைக் கடவுள் பார்த்துக்கொள்ளட்டும். பந்தியை நாம் பார்ப்போம்.