ஒன்றும் நடக்காத நாளில் போய் நில்லுங்கள்



பக்கத்துக் கூடத்தில் கண்காட்சியாக மாட்டியிருக்கும் மாணவர்களின் படங்களை நான் மாலையிலேயே வந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டேன். காசிமேடு இருக்கிறது. கொடுங்கையூர் குப்பைமேடு இருக்கிறது. பக்கிங்காம் கால்வாய்க் கரை வீடுகள் இருக்கின்றன. விபத்து இல்லை, மறியல் இல்லை, மாலை போட்டுக்கொண்ட தலைவர் ஒருவர்கூட இல்லை. “செய்திப் படம் என்று சொல்லிவிட்டு, ஒன்றுமே நடக்காத இடத்தை எடுத்து வைத்திருக்கிறார்களே” என்று உங்களில் யாருக்காவது தோன்றலாம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன். பத்திரிகை அலுவலகத்தின் போட்டோ டெஸ்க்கில் உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஒரு புகைப்படச் செய்தியாளரை உருவாக்குபவை ஒன்றும் நடக்காத நாட்கள்தான்.

2013 ஏப்ரல் 24. டாக்காவை ஒட்டிய சாவர் என்ற ஊரில் ராணா பிளாசா என்னும் எட்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. உள்ளே இருந்தவை ஆயத்த ஆடைத் தொழிற்கூடங்கள். 1,100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எத்தனையோ நாடுகளிலிருந்து கேமராக்கள் போய் இறங்கின. ஆனாலும் அந்தத் துயரத்தை உலகம் எந்தப் படத்தால் நினைவில் வைத்திருக்கிறது? இடிபாட்டுக்குள் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒருவரையொருவர் அணைத்தபடி இறந்துகிடக்கும் படம். எடுத்தவர் தஸ்லிமா அக்தர், வங்கதேசத்துப் பெண். ஆடைத் தொழிலாளர்களைத் தேடி அன்றைக்குத்தான் முதன்முதலாகப் போனவர் இல்லை அவர். கட்டடம் இடிவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அந்தத் தொழிலாளர்களின் வாழ்க்கையைப் படமெடுத்துவந்தவர், அவர்களின் உரிமைக்காகப் பேசிவந்தவர். படம் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்த பிறகும், அந்த இருவரும் யார், என்ன பெயர் என்று தேடி அலைந்திருக்கிறார். படம் வெளியானதோடு முடிகிற வேலையாக அவர் இதை நினைக்கவில்லை.

தஸ்லிமா படித்தது டாக்காவிலுள்ள ‘பாடசாலா’ என்ற பயிற்சிப் பள்ளியில். 1998இல் ஷாஹிதுல் ஆலம் அதைத் தொடங்கினார். வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு கேமராவைத் தூக்கியவர் அவர். வங்கதேசம் என்றால் வெள்ளம், பஞ்சம், கையேந்தும் குழந்தை என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் எடுத்துக்கொண்டு போன படங்களையே பார்த்துப் பார்த்து அவருக்கு ஆறாத கோபம். எங்கள் தெருவை எங்கள் பிள்ளைகள் எடுக்கட்டும் என்றார். இன்றைக்கு உலகப் பத்திரிகைகள் வங்கதேசத்துக்கு ஆள் அனுப்புவதற்கு முன்னால் அந்தப் பள்ளியில் படித்தவர்களைத் தேடுகின்றன. 2018இல் பள்ளி, கல்லூரி மாணவர்கள் சாலைப் பாதுகாப்பு கேட்டு டாக்கா தெருக்களில் இறங்கியபோது, அதைப் பற்றித் தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்த ஆலத்தையே கைது செய்து 100 நாளுக்கு மேல் சிறையில் வைத்தார்கள். தெருவை உள்ளபடி காட்டுகிற கலை எவ்வளவு கனமானது என்று இந்த அரங்கத்தில் இருக்கும் இளையவர்கள் தெரிந்துகொள்ளத்தான் இதைச் சொல்கிறேன்.

இப்போது நம் கரைக்கு வாருங்கள். 2004 டிசம்பர் 26ஐ இந்தக் கடற்கரையில் யாரும் மறக்கப்போவதில்லை. அந்த வாரம் எங்கள் டெஸ்க்குக்கு வந்த படங்களில் முக்கால்வாசியை அச்சில் போட முடியவில்லை. வரிசை வரிசையாக உடல்கள், குழந்தைகளின் முகங்கள். கடலூரில் ராய்ட்டர்ஸ் படக்காரர் அர்கோ தத்தா எடுத்த படம் ஒன்று உண்டு. மணலில் ஒரு பெண் குப்புறக் கிடந்து அழுகிறார். கைகள் இரண்டும் மண்ணில் விரிந்து கிடக்கின்றன. இறந்தவரின் முகம் படத்தில் இல்லை. ஓரத்தில் கை மட்டும் தெரிகிறது. உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் 2004ஆம் ஆண்டின் சிறந்த படம் என்று அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சட்டகத்தை நான் எத்தனையோ முறை உற்றுப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு நெருங்கலாம், எதைச் சட்டகத்துக்கு வெளியே விடலாம் என்பது ஒரு நொடியில் முடிவாகிறது. ஆனால் அந்த முடிவை எடுக்கிற மனசு ஒரு நொடியில் உருவாவதில்லை. பிணத்துக்கு முன்னால் முதன்முதலாகக் கேமராவைத் தூக்குகிறவனுக்கு அது வராது. உயிரோடு இருக்கிற மனிதர்களின் வீட்டு வாசலில் நின்று, “எடுக்கலாமா?” என்று கேட்டு, “வேண்டாம்பா” என்று அவர்கள் சொன்னால் கேமராவை இறக்கிப் பழகியவனுக்கு வரும்.

இதை ஒரு பயிற்சி முறையாகவே செய்கிற இடம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் 1949இல் கிளிஃப்டன் ஈடம் என்ற பேராசிரியர் தொடங்கிய புகைப்படப் பட்டறை. ஆண்டுக்கு ஒரு சிற்றூர், ஒரு வாரம். மாணவர்களும் இளம் புகைப்படக்காரர்களும் ஊருக்குள் இறங்கி முதலில் ஒரு கதையைத் தேட வேண்டும். அதை ஆசிரியர்களிடம் வந்து சொல்லி, அவர்களை ஒத்துக்கொள்ளவைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் படம் எடுக்கலாம். டிஜிட்டல் கேமரா வந்த பிறகும் 400 ஃபிரேம்தான் கணக்கு. எடுத்த எதையும் அழிக்கக் கூடாது. யாரையும் ‘இப்படி நில்லுங்கள், அப்படித் திரும்புங்கள்’ என்று நிறுத்தி எடுப்பது அறவே கூடாது. நம் பிள்ளைகள் ஒரு கல்யாண வீட்டில் ஒரு மணி நேரத்தில் 400 தாண்டிவிடுவார்கள். எண்ணிக்கை குறையும்போது கண் வேலை செய்யத் தொடங்குகிறது. அதுவரை விரல்தான் வேலை செய்துகொண்டிருக்கும். நம் கல்லூரிகள் இந்த விதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். காசு செலவில்லை.

இந்தக் கண்காட்சியில் காசிமேட்டுப் படம் ஒன்று இருக்கிறது. அதன் கதையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி கேட்கிறேன். விடிவதற்கு முன் ஏலம் நடக்கும் நேரம். விசைப்படகிலிருந்து இறங்கிய கூடைகள், நசுங்கிய ஐஸ், மேலே விளக்கு, சுற்றிலும் ஆட்கள். நடுவில் ஓர் அம்மா, கூடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஏலக்காரரின் வாயையே பார்க்கிறார். எடுத்த மாணவி அன்று காலையிலேயே நேராக அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். படம் அருமை. கீழே ‘காசிமேட்டில் மீன் விற்கும் பெண்’ என்று எழுதியிருந்தாள். எங்கள் மூத்த உதவி ஆசிரியர் திரையைப் பார்த்தபடியே கேட்டார்: “அந்த அம்மா பேரு என்னம்மா?” “கேக்கல சார்.” “சரி, விக்கிறாங்களா, வாங்குறாங்களா?” மாணவியிடம் பதிலில்லை. “போய்க் கேட்டுட்டு வா. படம் எங்கேயும் ஓடிடாது.”

மறுநாள் விடியலில் அவள் திரும்பப் போனாள். அந்த அம்மா அங்கே விற்கிறவர் இல்லை, ஏலத்தில் எடுக்கிறவர். எடுத்த மீனை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், தெருத்தெருவாகக் கூடையில் விற்றால்தான் அன்றைய பாடு. ஏலத்தில் விலை ஏறினால் அவருக்குக் கை நடுங்கும். படத்தில் அந்தக் கண்ணில் இருப்பது விற்கிறவளின் ஆவல் என்று நாங்கள் நினைத்தோம். அது வாங்க முடியுமா என்ற பயம். படக்குறிப்பில் ஒரு சொல் மாறியதும் படமே வேறாகிவிட்டது. “இன்னாத்துக்குமா எடுக்குற? பேப்பர்ல போட்டா ஐஸு வெல கொறைஞ்சிடுமா?” என்று அவர் கேட்டாராம். மாணவி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். ஐஸ் விலையைப் பற்றிய செய்தி அங்கேயிருந்துதான் பிறந்தது. அந்த அம்மாவின் பெயரை மேடையில் நான் சொல்லப்போவதில்லை. அவர் சம்மதத்தோடு அது படத்தின் கீழே அச்சில் இருக்கிறது.

இன்னொரு படம், துறைமுகத்தில் நெருக்கியடித்து நிற்கும் படகுகள். பார்க்கிறவர் வேலைநிறுத்தம் என்று நினைப்பார். தேதியைப் பாருங்கள், மே மாதம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். இந்தப் படத்தைத் தேதி இல்லாமல் கோப்பில் போட்டுவைத்தால், அடுத்த வருஷம் எவராவது அவசரத்தில் எடுத்து, மீனவர் போராட்டம் என்று போட்டுவிடுவார். வலை பின்னுகிறவரோடு தடைக்காலத்தில் உட்கார்ந்து பேசியவருக்கு இது தெரியும். போராட்ட நாளில் மட்டும் ஓடிவருகிறவருக்குத் தெரியாது.

அதனால்தான் களத்துக்கு ஈடாகச் செய்தி அறையும் வேண்டும் என்கிறேன். அலுவலகத்தைச் சுற்றிக்காட்டி, அச்சு இயந்திரத்தின் முன்னால் குரூப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிற ஒரு நாள் சுற்றுலாவால் பயனில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மாணவர்களை டெஸ்க்கில் உட்காரவையுங்கள். வெளியூர்ப் பதிப்பு போகும் நேரம். கடைசி நிமிஷத்தில் ஒரு விளம்பரம் வரும். மூன்று பத்தியில் போட்டிருந்த படம் ஒரு பத்திக்குச் சுருங்கும். எந்த ஓரத்தை வெட்டுவது? ஓரத்தில் நிற்கிற குழந்தையை வெட்டினால் தாய் சும்மா சிரிப்பது போல ஆகிவிடும். அந்த வாதத்தை அவர்கள் காதால் கேட்க வேண்டும். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் முகத்தை மங்கலாக்கிவிட்டோம் என்று ஒருவர் நிம்மதியாக இருப்பார். பின்னால் பள்ளிக்கூடப் பலகை பளிச்சென்று தெரியும். போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு முகத்தோடு நிற்பதில்லை. பெயர், முகவரி, குடும்பம், பள்ளி, அக்கம்பக்கம் என எதை வைத்தும் குழந்தையை அடையாளம் காட்டக் கூடாது என்கிறது. மீறினால் ஓராண்டு வரை சிறை உண்டு. பாடப்புத்தகத்தில் இதைப் படித்தவர் மறந்துவிடுவார். இரவு ஒன்பது மணிக்கு, பக்கம் போகிற அவசரத்தில், “பலகையைப் பாருங்க!” என்று யாரோ கத்தியதைக் கேட்டவர் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்.

செய்தி அறையின் இன்னொரு பாடத்துக்காக நார்சிஸோ கான்ட்ரெராஸ் பெயரையும் நான் எல்லா மாணவர்களிடமும் சொல்வதுண்டு. சிரியப் போரைப் படமெடுத்து, 2013இல் புலிட்சர் பரிசு வாங்கிய குழுவில் இருந்தவர். ஒரு படத்தின் மூலையில் சக செய்தியாளர் ஒருவரின் வீடியோ கேமரா கிடந்ததை மென்பொருளால் அழித்துவிட்டார். வேறெதையும் மாற்றவில்லை. 2014இல் ஏ.பி. செய்தி நிறுவனம் அவரோடு உறவை முறித்து, அவருடைய படங்களைத் தன் சேமிப்பிலிருந்தே நீக்கியது. செயற்கை நுண்ணறிவால் இல்லாத கூட்டத்தையே உண்டாக்கிவிட முடிகிற இந்த நாளில், ஒரு மூலைக்கு அவர்கள் காட்டிய கண்டிப்பு எனக்கு இன்னும் சரியென்றுதான் படுகிறது.

பத்திரிகை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள், கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். மாணவர் படத்தை வாங்கிப் போடுகிறோம். பெயர் போடுவதில்லை, காசு கொடுப்பதில்லை, ‘அனுபவம் கிடைக்கிறதே’ என்கிறோம். கலவரம் என்றால் கையில் அடையாள அட்டைகூட இல்லாத பையனைப் போகச் சொல்கிறோம். தில்லி ஜாமியா மில்லியாவில் படித்த டேனிஷ் சித்திகி, தொலைக்காட்சிச் செய்தியாளர் வேலையை விட்டு, 2010இல் ராய்ட்டர்ஸில் பயிற்சியாளராகப் புதிதாகத் தொடங்கியவர். ரோஹிங்கியா அகதிகளின் படங்களுக்காக 2018இல் புலிட்சர் பெற்ற குழுவில் ஒருவர். 2021 ஜூலை 16 அன்று ஆப்கானிஸ்தானில் கொல்லப்பட்டார். பெரிய நிறுவனமும் நீண்ட அனுபவமும் பின்னால் இருந்தவருக்கே அந்த முடிவு. இரண்டாம் ஆண்டு மாணவனை எந்தக் காப்பீடும் இல்லாமல் கல்வீச்சுக்கு நடுவே அனுப்ப நமக்கு என்ன உரிமை இருக்கிறது? அனுப்பாதீர்கள். படம் அச்சானால் பெயர் போடுங்கள், கூலி கொடுங்கள், மாதத்தில் சில மாலைகளாவது டெஸ்க்கில் ஒரு நாற்காலி ஒதுக்குங்கள்.

பெற்றோர்களே, அதிலும் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களே, காலை மூன்று மணிக்குக் காசிமேடு போக வேண்டும் என்று மகள் சொன்னபோது உங்கள் வயிற்றில் புளி கரைந்திருக்கும். முதல் தடவை கூடவே போய் ஓரமாக நின்ற அப்பா ஒருவர் இந்த அரங்கில் இருக்கிறார். அவருக்கு என் கும்பிடு. 1940களிலேயே ஹோமாய் வியாரவாலா புடவை கட்டிக்கொண்டு, கனமான கேமராவைத் தோளில் சுமந்து, தில்லியில் ஆண்கள் கூட்டத்துக்கு நடுவே செய்திப்படம் எடுத்தவர். 2011இல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். அவர் நடந்த பாதை உங்கள் மகள்களுக்குத் திறந்தே இருக்கிறது. மூன்று மணிக்கு வண்டி ஏற்பாடும் இரண்டு பேராகப் போகிற வழக்கமும் கல்லூரி செய்துதர வேண்டியவை. அதைக் கேட்டு வாங்குங்கள்.

மாணவர்களே, உங்களுக்கு நான் அதிகம் சொல்லப்போவதில்லை. கொடுங்கையூரில் அடுத்த தடவை தீப்பிடித்தால் எல்லோரும் வருவார்கள். புகைக்கு நடுவே குப்பை பொறுக்குகிற பாட்டியைத் தேடுவார்கள். நீங்கள் தேட வேண்டியதில்லை. அவர் வீடு உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டுக்கு அடுத்த வாரமும் போய்வாருங்கள், எடுத்த படத்தின் பிரதி ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள்.

கண்காட்சியைத் திறந்துவைக்கக் கத்தரிக்கோலை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். இந்தப் படங்களில் இருக்கிறவர்கள் சிலர் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்; ஏலம் முடித்து, கூடையை இறக்கிவிட்டு வந்த அம்மாவும் இருக்கிறார். கதவு திறந்ததும் முதலில் அவர்கள் உள்ளே போகட்டும், நாம் பின்னால் போவோம். அம்மா, ஐயா, உங்கள் பெயரும் தொழிலும் படத்துக்குக் கீழே சரியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். படிக்க முடியாதவர்களுக்கு மாணவர்கள் படித்துக்காட்டுவார்கள். தப்பு இருந்தால் சொல்லுங்கள். பேனாவோடு வாசலிலேயே நிற்கிறார்கள், இப்போதே திருத்திவிடுவார்கள்.