படபடப்பு வந்தால் பழைய எக்கோ ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய மருத்துவ விழிப்புணர்வு உரை)



விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால், பெரும்பாலும் புதுச்சேரி ஜிப்மருக்கோ சென்னைக்கோ போகிறோம். கீமோ ஊசி அங்கே; ஊசிக்குப் பிறகு இரண்டு, மூன்று வாரம் வீட்டில். நடு இரவில் படபடப்பு வந்தால் ஓடுவது திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கு அல்லது முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு. அங்கே பணியில் இருக்கும் டாக்டர் உங்கள் நோயாளியை முதன்முறையாகப் பார்க்கிறார். அவருக்கு நீங்கள் என்ன கொடுக்க முடியும்? அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

புற்றுநோயாளிகளுக்கு இதயத் துடிப்பு ஏன் தாறுமாறாகிறது? டாக்ஸோரூபிசின், டிராஸ்டுசுமாப் போன்ற மருந்துகள் சிலருக்கு இதயத் தசையைப் பலவீனப்படுத்தும். இப்ருடினிப் மாத்திரை துடிப்பையே மாற்றலாம். வாந்தி, வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் குறைவது, காய்ச்சல், இரத்தசோகை, வயது, பி.பி., தைராய்டு இவையும் காரணமாகும். அதிகம் காணப்படுவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகின்றன.

இது என்ன துடிப்பு என்று சொல்வது இசிஜி. அந்த இதயத்துக்கு எந்த வைத்தியம் பொருந்தும் என்று முடிவு செய்ய உதவுவது எக்கோ. அது ஒலி அலையில் எடுக்கும் ஸ்கேன், கதிர்வீச்சு கிடையாது.

எக்கோவில் டாக்டர் பார்ப்பவை:

1. பம்பிங் சக்தி. ரிப்போர்ட்டில் 'ஈ.எஃப்.' என்று சதவீதத்தில் இருக்கும். இது மிகவும் குறைந்திருந்தால், துடிப்பைக் குறைக்கும் டில்டியாசெம், வெராபமில் மருந்துகளைத் தவிர்ப்பார்கள். வேறு மருந்து தேவைப்படும்.

2. வால்வு. சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு மிகவும் சுருங்கியிருந்தால், இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின்தான் கொடுப்பார்கள். புதிய வகை மாத்திரைகள் பொருந்தாது.

3. இதயத்தைச் சுற்றி நீர். நுரையீரல், மார்பகப் புற்றுநோயில் இப்படிச் சேரலாம். நீர் இதயத்தை அழுத்தினால், அதை எடுப்பதுதான் முதல் வைத்தியம்.

4. இரத்தக்கட்டி. இடது மேல் அறையின் மூலையில் உள்ள கட்டி சாதாரண எக்கோவில் தெரியாமல் போகலாம். ஷாக் கொடுத்துத் துடிப்பைச் சரிசெய்யும் முன், தொண்டை வழியாகக் குழாய் விட்டு எக்கோ எடுப்பார்கள். அல்லது 3 வாரம் உறைவுத் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். அந்த மருந்து பக்கவாதத்தைத் தடுக்கும். ஆனால் கீமோவில் பிளேட்லெட் குறைந்திருந்தால் இரத்தக்கசிவு ஆபத்து உண்டு. 50,000-க்குக் கீழே போனால் அளவை மறுபடி யோசிப்பார்கள். அதனால் கடைசி இரத்தப் பரிசோதனையும் அவசியம்.

இப்போது பழைய ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். இன்று ஈ.எஃப். 48 என்று வைத்துக்கொள்ளுங்கள். கீமோவுக்கு முன் 50 இருந்தால் பெரிய மாற்றமில்லை. 62 இருந்திருந்தால், மருந்து இதயத்தைப் பாதித்திருக்கலாம். புற்றுநோய் டாக்டரும் இதய டாக்டரும் சேர்ந்து பேச வேண்டும். ஒரே எண்தான், பொருள் வேறு. பழைய எண் இல்லாமல் அது தெரியாது. துடிப்பு தாறுமாறாக இருக்கும்போது எடுத்த எண் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும் என்பதால், துடிப்பு அடங்கியபின் மறுபடி பார்ப்பதும் உண்டு. டிராஸ்டுசுமாப் போடுபவர்களுக்குத் தொந்தரவு இல்லாவிட்டாலும் வழக்கமாக 3 மாதத்துக்கு ஒருமுறை எக்கோ எடுப்பார்கள். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது: முதல் எக்கோ, கடைசி எக்கோ, இசிஜி, இரத்தப் பரிசோதனை, கீமோ மருந்துச் சீட்டு, காப்பீட்டு அட்டை எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். போனிலும் படம் எடுத்து, வீட்டில் இருவரிடம் வையுங்கள். மூச்சுத்திணறல், மயக்கம், நெஞ்சுவலி, வாய் கோணுதல் இருந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். ஃபைலைத் தேடி நேரத்தைப் போக்க வேண்டாம், போன் போதும். படபடப்புக்குப் பயந்து எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இன்றிரவே அந்த ஃபைலை ஒருமுறை எடுத்துச் சரிபாருங்கள்.